மைக் முன்னாடி ஒரு தீர்ப்பு, வீட்டு சோபாவில் இன்னொன்று!

'படம் எப்படிண்ணே?' என்று தியேட்டர் வாசலில் மைக் நீட்டினால் பத்தே செகண்டில் தீர்ப்பு ரெடி. 2024 நவம்பரில் 'கங்குவா' வெளியான கையோடு, இந்த வாசல் பேட்டிகளைத் தியேட்டருக்குள் அனுமதிக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர் சங்கம் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனமே கூடாது என்று வழக்கும் போட்டார்கள். எதிர்மறை விமர்சனமும் கருத்துச் சுதந்திரம்தான் என்று சொல்லி, தடை விதிக்க மறுத்துவிட்டது சென்னை உயர் நீதிமன்றம்.

போட்ட காசு போய்விடுமோ என்ற தயாரிப்பாளரின் பயம் நியாயமானதுதான். ஆனால், அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ரெண்டு படங்களைப் பாருங்க. 'லப்பர் பந்து'வில் மாமனார் ஆகப்போறவருக்கும் மாப்பிள்ளைக்கும் கிரிக்கெட் ஈகோ. 'குடும்பத்தோட போலாம்'னு ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் போய்த்தான் படம் பிக்கப் ஆனது.

அடுத்த வாரமே வந்த 'மெய்யழகன்' கதை வேற. 'ரொம்ப நீளம்ப்பா' என்ற பேச்சு கிளம்பியதும், ஓடிக்கொண்டிருந்த படத்தில் சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். ஓ.டி.டி-க்கு வந்ததும் அதைக் கொண்டாடித் தீர்த்தார்கள். டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று செலவழித்து உட்கார்ந்தவருக்கு இழுவையாகத் தெரிந்தது, வீட்டு சோபாவில் சொந்தக்காரரின் பேச்சாகிவிட்டது. (பேய்ப் படத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. பயந்தோமா, இல்லையா... அவ்வளவுதான்!)

வாசல் மைக்கை எடுத்துவிடலாம். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் 'நல்லா இல்லடா, போகாதீங்க' என்று இன்டர்வெல்லிலேயே வாய்ஸ் நோட் போடும் அத்தையை என்ன செய்வார்கள்?