பலகாரம் சுடாத தீபாவளி

"கப்பல்ல போய்க் கொண்டாடினா அதெல்லாம் ஒரு தீபாவளியா?"

போன வருஷம் நாங்க குடும்பமா குரூஸ் போய்ட்டு வந்ததுல இருந்து இந்தக் கேள்வியைக் குறைஞ்சது இருபது பேராவது கேட்டிருப்பாங்க. கிளாஸ்ல கேட்டாங்க, ஊர்ல கேட்டாங்க, அப்பாவோட ஆபீஸ்லயும் கேட்டாங்களாம். கேட்டவங்கள்ல பெரும்பாலானவங்க ஆண்கள். இது தற்செயல்னு எனக்குத் தோணல.

அவங்க சொல்ற குறை எதுவும் பொய் இல்லை. கப்பல்ல வெடி கிடையாது, அகல் விளக்கு கிடையாது, ஊதுவத்தி கூடக் கிடையாது. நடுக்கடல்ல கப்பலுக்கு மிகப் பெரிய பயங்கள்ல ஒண்ணு தீ. டைட்டானிக் மூழ்கினதுக்கு அப்புறம் 1914-ல பிறந்த சோலாஸ் உடன்படிக்கை பல தடவை திருத்தப்பட்டு இன்னைக்கும் நடைமுறையில இருக்கு. அதுல தீத்தடுப்புக்குன்னே ஒரு பெரிய பகுதி உண்டு. அயர்ன் பாக்ஸ் கூட கேபினுக்குள்ள கொண்டுபோகக் கூடாது. அதனால புதுத்துணியை மடிப்போட, கசங்கலோட போட்டுக்கிட்டோம். எண்ணெய்க் குளியல் இன்னும் கஷ்டம். குளியலறைன்னு சொல்றது நம்ம ஹாஸ்டல் பீரோ அளவுக்குத்தான் இருக்கும். தலையில நல்லெண்ணெயை வச்சுக்கிட்டு, வழுக்குற தரையில, லேசா ஆடுற கப்பல்ல நின்னு சீயக்காய் தேய்ச்சுப் பாருங்க. தாத்தா வழக்கம்போல "கங்கா ஸ்நானம் ஆச்சா?"ன்னு எல்லாரையும் கேட்டார். ஆச்சு தாத்தா, உப்பு எடுத்த அரபிக்கடல் தண்ணியில ஆச்சு. (பெரிய கப்பல்கள் கடல் தண்ணியைக் காய்ச்சி வடிச்சோ, ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் மூலமாவோ நல்ல தண்ணி தயாரிச்சுக்கும்.)

அரபிக்கடல் எதுக்குன்னு கேக்கலாம். ஐப்பசியில வங்கக்கடல் மழையும் புயலுமா இருக்கும். அதனால மும்பை வரைக்கும் போய், அங்க இருந்து கோவாவுக்குக் கப்பல் ஏறினோம். மொத்தம் 17 பேர், மூணு ராத்திரி.

புக் பண்ணினதும் வந்த மெயில்ல ஒரு விதி இருந்துச்சு: வீட்டில் செய்த உணவுப் பொருள் எதையும் கொண்டுவரக் கூடாது. என்னைப் பொறுத்தவரை மொத்தப் பயணத்துலயும் முக்கியமானது அந்த ஒரு வரிதான்.

கும்பகோணம் பக்கம் எங்க பாட்டி வீட்டுத் தீபாவளி எப்படி நடக்கும்னு சொல்றேன், உங்க வீட்டோட ஒப்பிட்டுப் பாத்துக்கோங்க. மூணு நாளைக்கு முன்னாடியே அடுப்பு பத்த வச்சிருவாங்க. ஒரு நாள் முறுக்கு, ஒரு நாள் அதிரசம், நடுவுல மிக்சரும் லேகியமும். தீபாவளி அன்னைக்கு அம்மாவும் பெரியம்மாவும் மூணரை மணிக்கே எழுந்து வெந்நீர் போடுவாங்க. அப்புறம் இட்லி, வடை, மதியம் விருந்து. முதல் பந்தியில ஆம்பளைங்களும் குழந்தைகளும். கடைசிப் பந்தியில பெண்கள் உக்காரும்போது மூணு மணி ஆயிருக்கும், அப்பளம் நமுத்துப் போயிருக்கும், டிவியில பாதிப் படம் முடிஞ்சிருக்கும். எனக்குப் பதினாலு வயசு ஆனதுல இருந்து "வந்து கொஞ்சம் பரிமாறு"ன்னு என்னைக் கூப்பிடுவாங்க. என்னைவிட மூணு வயசு பெரிய அண்ணனை இன்னைக்கு வரைக்கும் யாரும் கூப்பிட்டது இல்லை.

கப்பலுக்குன்னு முடிவானதும் பெரியம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? "ஒரு டப்பா முறுக்காவது பண்ணி எடுத்துக்கலாம்." வேண்டாம்னு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாங்க. விதின்னு ஒண்ணு எழுத்துல இருந்ததாலதான் அடுப்பு அணைஞ்சது. நாப்பது வருஷமா யாரும் கொடுக்காத லீவை ஒரு டிக்கெட்டோட நிபந்தனை கொடுத்துச்சு.

தீபாவளி அன்னைக்கு மதியம் நான் பாத்ததைச் சொல்றேன். பாட்டி, அம்மா, பெரியம்மா, சித்தி, பெரிய அத்தை அஞ்சு பேரும் மேல்தளத்துல நாற்காலியை வட்டமாப் போட்டு உக்காந்திருந்தாங்க. கிட்டத்தட்ட மூணு மணி நேரம். நடுவுல யாரும் "காபி இருக்கா?"ன்னு வந்து கேக்கல. பாட்டி கல்யாணத்துக்கு முன்னாடி ஹிந்தி பரீட்சை எழுதி பாஸ் பண்ணின கதை அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது. அம்மாவுக்கும் அன்னைக்குத்தான் தெரியும்! ஒரே வீட்ல 24 வருஷம் மாமியாரும் மருமகளுமா இருந்திருக்காங்க, பேச நேரம் கிடைக்கல.

எங்க வீட்டுக் கதை மட்டும்தான்னு நினைச்சா, தேசியப் புள்ளியியல் அலுவலகத்தோட 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்க. சம்பளமில்லாத வீட்டு வேலையில ஈடுபடுற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்குச் சராசரியா 299 நிமிஷம் செலவழிக்கிறாங்க, ஆண்கள் 97 நிமிஷம். அந்த 97-ம் வேலை செய்யற ஆண்களோட சராசரி மட்டும்தான். அப்படிச் செய்யற ஆண்களே 100-க்கு 26 பேர்தான். இது சாதாரண நாள் கணக்கு. பண்டிகை நாளைக்கு யாராவது தனியா கணக்கு எடுத்தா நல்லா இருக்கும்.

அதனால "கப்பல்ல தீபாவளி வாசனையே இல்ல"ன்னு சொல்றவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான்: அந்த வாசனை யாரோட வேலையில இருந்து வந்துச்சு?

ஆனா வேலை மறைஞ்சு போகல, கை மாறியிருக்கு. காலையில எங்க டேபிளுக்கு இட்லி கொண்டுவந்த அண்ணன் தூத்துக்குடிப் பக்கம். கப்பல் ஏறி அஞ்சு மாசம் ஆச்சாம். கோவா கிட்ட போனா சிக்னல் வரும், அப்பதான் வீட்டுக்குப் பேசணும்னார். பாட்டி வழக்கம்போல "நீ சாப்டியாப்பா?"ன்னு கேட்டாங்க. "எங்க முறை எல்லாரும் முடிச்ச அப்புறம்தான் பாட்டி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அது கடைசிப் பந்தின்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன?

கப்பல் ஊழியர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, இந்தியாவும் 2015-ல ஏத்துக்கிட்டது. அதோட ஓய்வு நேரக் கணக்குப்படி 24 மணி நேரத்துல குறைஞ்சது 10 மணி நேரமும், 7 நாள்ல குறைஞ்சது 77 மணி நேரமும் ஓய்வு கொடுக்கணும். 168-ல 77 போனா மீதி 91. வாரத்துக்கு 91 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்க இடம் இருக்கு. அது பெரிய எண்தான். ஆனாலும் அவருக்குச் சம்பளம் உண்டு, அந்தக் காகிதம் உண்டு. எங்க வீட்டு அடுப்படிக்கு அதுகூடக் கிடையாது.

கப்பலைக் குறை சொல்லியே ஆகணும்னா யாரும் சொல்லாத ஒரு குறையை நான் சொல்றேன். எங்க சின்ன அத்தை குடும்பம் வரல. "பையனுக்குப் பரீட்சை"ன்னாங்க. தீபாவளி லீவுல என்ன பரீட்சை? விளம்பரத்துல ஒரு விலை போட்டிருப்பாங்க. அதுக்கு மேல துறைமுகக் கட்டணம், கிராச்சுயிட்டி, ஜிஎஸ்டி, மும்பை போய்வரச் செலவு. நாலு பேர் இருக்குற குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகைன்னு எல்லாருக்கும் தெரியும். பெரியப்பா "நான் போட்டுடறேன்"னார். அத்தை வேண்டாம்னுட்டாங்க, அவங்க நிலையில நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பாட்டி வீட்டுத் திண்ணைக்குத் தலைக்கு இவ்வளவுன்னு டிக்கெட் போட்டதில்லை. ரெண்டு கிலோ வெல்லத்தோட வந்தாலும், வெறுங்கையோட வந்தாலும் இலை ஒண்ணுதான். சின்ன அத்தை இல்லாம எடுத்த அந்த குரூப் போட்டோவை இன்னும் என்னால ஸ்டேட்டஸ்ல வைக்க முடியல.

இந்த வருஷம் பெரியப்பா குடும்ப குரூப்ல வாக்கெடுப்பு வச்சிருக்கார்: மறுபடியும் கப்பலா, ஊரா? நான் ஊருக்குத்தான் போட்டேன். கூடவே ஒரு பட்டியலும் போட்டேன். முறுக்கு பிழியறது அண்ணன்களோட பொறுப்பு, ஜிம்முக்குப் போற கை எதுக்காவது உதவட்டும். வெந்நீர் அப்பா. பாத்திரம் பெரியப்பாவும் சித்தப்பாவும். மதிய விருந்துக்கு ஊர்லயே ஒரு சமையல்காரரைக் கூப்பிடறது. கப்பல் டிக்கெட்ல ஒண்ணோட காசு அதுக்குப் போதும்னு நினைக்கிறேன். பந்தி ஒண்ணே ஒண்ணு, எல்லாரும் ஒண்ணா உக்காரணும். அடுத்த வருஷம் நான் வேலைக்குப் போயிருப்பேன், அதுக்கடுத்து எந்த வீட்டு அடுப்படியில நிப்பேனோ தெரியாது. அதனால இப்பவே கேக்கறேன்.

பெரியப்பா படிச்சிட்டார், ப்ளூ டிக் விழுந்திருக்கு, பதில் இல்ல. அண்ணன் ஒரு சிரிக்கிற பொம்மை போட்டான். சின்ன அத்தை மட்டும் தனியா போன் பண்ணினாங்க. "எல்லாம் சரிதாண்டி, அதிரசத்துக்குப் பாகு மட்டும் நான் பாத்துக்கறேன். அந்தப் பதம் இவங்களுக்கு வராது"ன்னாங்க.