பிரட்டுக் களத்துப் போர்

நவம்பர் பதினோராந் தேதி சிவப்புக் கடுதாசிப் பூ விற்பது பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து இலங்கையில் பெரிய வைபவம். முதல் உலக யுத்தத்தின் பழைய சிப்பாய்களுக்கென்று திரட்டிய அப்பணத்தின் பெரும்பகுதி கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயிற்று. அதே யுத்தத்தில் பணிபுரிந்த இலங்கைச் சிப்பாய்க்குக் கிடைத்ததோ சொற்பம். இது என்ன நியாயம் என்று கேட்டு, பழைய படைவீரர் சங்கத்தின் ஏலியன் பெரேரா 1931இல் பூவரசம் பூவை விற்கக் கிளம்பினார். 1933இல் டோரீன் விக்கிரமசிங்கவும் இடதுசாரி இளைஞரும் அதைக் கையிலெடுத்துச் சூரியமல் இயக்கமாக, ஏகாதிபத்திய எதிர்ப்பாக வளர்த்தனர். யுத்த நினைவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இந்நாட்டில் அன்றே எழுந்துவிட்டது. அது மலையேறி வரத்தான் இல்லை.

மலைநாட்டின் யுத்த நினைவு என்று நமக்குக் காட்டப்படுவது யாருடைய நினைவு? 1900 முதல் 1949 வரை கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை என்றொரு படை இருந்தது. வெள்ளையர் மட்டுமே அதில் சேரலாம். 1914இல் அப்படையினர் எகிப்துக்குப் போயினர். பின்பு கல்லிப்பொலியிலும் நின்றனர். இரண்டாவது யுத்தத்திலும் துரைமார் பலர் உத்தியோகத்தராகிப் போனார்கள். திரும்பியவர்கள் நினைவுகளை எழுதினார்கள். திரும்பாதவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. செத்தவனுக்குச் செய்யும் மரியாதையை நாம் பழிக்கவில்லை. துரை சீருடை தரித்துப் புறப்பட்ட காலத்தில் மலையில் கொழுந்து பறித்தது யார் என்று மட்டும் கேட்கிறோம்.

விடியுமுன் தப்பு முழங்க, லயத்திலிருந்து ஆணும் பெண்ணும் பிள்ளையும் ஓடிவந்து வரிசையில் நிற்கும் இடத்துக்குப் பிரட்டுக் களம் என்று பெயர். அச்சொல் வேறெங்கிருந்தும் வரவில்லை; படைமுகாமின் 'பரேட்'தான் தொழிலாளியின் நாவில் பிரட்டு ஆயிற்று. பேர்ப்பதிவு, கட்டளை, தண்டனை எல்லாம் அங்கும் உண்டு. விடுப்பும் பதக்கமும் ஓய்வூதியமும்தான் இல்லை. சீருடையில்லாத இந்தப் படையின் யுத்த சேவையை எந்தத் துரையின் நினைவேட்டில் தேடுவது?

யுத்தம் தொடங்கி நான்கு மாதமே ஆகியிருந்தது. 1940 ஜனவரி 10ஆந் தேதி ஹேவாஹெட்டைப் பக்கத்து மூலோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிஸ் சுட்டது. கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். ஜப்பானியன் இந்த மண்ணில் குண்டு போட இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. மலைநாட்டுத் தொழிலாளியின் நெஞ்சில் பாய்ந்த குண்டு அவனுடையதன்று. அதே வருஷம் ஜூலையில் பிரிட்டனில் தலைக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் தேயிலை என்று பங்கீடு வந்தது. அந்த இரண்டு அவுன்ஸைத் தவறாமல் அனுப்பியாக வேண்டும். மலாயாவும் ஜாவாவும் வீழ்ந்தபின் தாழ்நாட்டுத் தோட்டங்களின் ரப்பர் மரங்களைச் சாகுமளவுக்குச் சீவினார்கள். 1942இல் அத்தியாவசிய சேவைக் கட்டளை பிறந்தது. தோட்டத்தில் வேலைநிறுத்தம் குற்றமாயிற்று.

அவ்வருஷம் மார்ச்சில் ரங்கூன் விழுந்தது; பர்மா அரிசி நின்றது. கூலியில் கழித்துக்கொண்டு தோட்டம் கொடுத்துவந்த அரிசி சுருங்கி, கோதுமை மா வந்து சேர்ந்தது. சோற்றுக்குப் பழகிய வயிறு ரொட்டிக்குப் பழகிற்று. யுத்தம் முடிந்து எட்டுப் பத்தாண்டுகள் கழிந்தும் அந்த ரொட்டி லயத்தைவிட்டுப் போகவில்லை. நினைவுச் சின்னம் வேண்டுமென்பவர்கள் காலையில் ஒரு லயத்து அடுப்பைப் போய்ப் பார்க்கலாம்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். சமசமாஜத் தோழர்கள் அதை ஏகாதிபத்திய யுத்தம் என்றார்கள். 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் நாட்டின்மீது பாய்ந்தபின் கம்யூனிஸ்டுகள் மக்கள் யுத்தம் என்றார்கள். இரு சாராரும் தோட்டங்களில் உழைத்தவர்கள்தாம். ஆனால் நாம் எழுதிய சரித்திரத்தில் 1942 ஏப்ரலில் தலைவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பிய கதை விரிவாக இருக்கிறது; மூலோயாவில் கோவிந்தனுடன் நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்பது இரண்டு வரியோடு நின்றுவிடுகிறது. துரை மறந்தது தன் வர்க்க நலனுக்காக. நாம் எதற்காக மறந்தோம்?

ஏகாதிபத்தியத்துக்கு ஊழியம் செய்தோம், பதக்கம் தா என்று தொழிலாளிக்காக நாம் மன்றாடவில்லை. வற்புறுத்தி வாங்கிய உழைப்புக்குக் கணக்கு கேட்கிறோம். அந்தக் கணக்கு இல்லாமற் போனதன் பலன் உடனே தெரிந்தது. சமாதானம் வந்து மூன்றே வருஷத்தில், 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இம்மண்ணில் பிறந்தவனிடமே, உன் தந்தை இங்கே பிறந்தாரா, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் பிறந்தார்களா, காட்டு சான்றை என்றது. யுத்தகால ஆறு வருஷத்துப் பிரட்டுப் பதிவுகள் அதற்குச் சான்றாகவில்லை. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. துரைமார் படை கலைக்கப்பட்டதும் அதே 1949இல்தான். அவர்களுடைய சேவைக் காலம் ஏட்டில் பத்திரமாக ஏறிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று எண்ணி எழுதிய போது, யுத்தகாலத்தில் அவர்கள் எங்கே நின்றார்கள் என்று யார் கேட்டார்?

1942இல் பதினைந்து வயதில் கூடை சுமந்தவர் இன்று இருந்தால் நூறை நெருங்கியிருப்பார். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கற்பிக்கும் ஆசிரியர்களே, உங்கள் மாணவரை அந்தக் கிழவிகளிடமும் அவர்களுடைய பிள்ளைகளிடமும் அனுப்புங்கள். பங்கீட்டு அரிசி எத்தனை கொத்துக் கிடைத்தது, முதன்முதலில் மாவைப் பிசைந்தபோது வீட்டில் என்ன பேச்சு நடந்தது, மூலோயாச் செய்தி கங்காணியின் காதுக்கு எட்டாமல் எந்த வழியாக லயத்துக்கு வந்தது என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.