வூடு எந்தப் பக்கம்?



வடசென்னைப் பள்ளிக்கூடங்களில் சாதியை யாரும் நேராகக் கேட்பதில்லை. "வூடு எங்க?" என்றுதான் கேட்பார்கள். மெயின் ரோடா, ஹவுசிங் போர்டா, ரயில்வே லைனுக்கு எந்தப் பக்கம், அப்பா என்ன வேலை. நாலு கேள்விக்குள் வாத்தியாருக்கு வேண்டியது கிடைத்துவிடும். தென்மாவட்டங்களில் கையில் கட்டுகிற கயிற்றின் நிறம் செய்யும் வேலையை இங்கே முகவரி செய்கிறது. "மெட்ராஸ்ல எங்கப்பா சாதி?" என்று கேட்கிறவர்கள் ஒருநாள் ஏதாவதொரு ஆசிரியர் அறை வாசலில் இடைவேளை நேரத்தில் நின்று பார்க்கட்டும்.

நான் நின்றிருக்கிறேன். ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவே ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். டீ வாங்கப் போவது செல்லப்பிள்ளைகள்; பெஞ்சு தூக்கப் போவது நாங்கள். எங்க நைனா துறைமுகத்தில் கரி இறக்கினவர். (அந்தக் கரியும் இரும்புத்தாதும் 2011-இல் உயர்நீதிமன்ற உத்தரவால்தான் சென்னைத் துறைமுகத்தை விட்டுப் போனது. போன இடம் எண்ணூர். அங்கேயும் இருப்பது நம்ம ஜனங்கதான்.) எவ்வளவு தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாலும் நான் "கரிமூட்டை." சொன்னது பையன்கள் இல்லை, வாத்தியார்.

அது போகட்டும். எழுத வந்தது என்னைப் பற்றியல்ல, என்னோடு பிளஸ் டூ படித்த ஒரு பெண்ணைப் பற்றி. அவள் அம்மா கார்ப்பரேஷனில் தெருப் பெருக்குகிறவர். கெமிஸ்ட்ரியில் காலாண்டுக்கு அவள்தான் முதல் மார்க். டியூஷனுக்குப் போகிற பிள்ளைகளைத் தாண்டிய மார்க். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

ஒருநாள் மேசை தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் போனேன். "காசிமேட்டாண்ட எவனோடவோ நின்னுனு இருந்தாளாம்." "அதுங்க அப்படித்தான் சார், பின்ன இந்த மார்க் எங்கிருந்து வருது?" நான் நிற்பது அவர்களுக்குத் தெரியும். மேசைக்குக் காது உண்டா என்ன? மதியம் அது கிளாஸ் லீடர் வாயில் இருந்தது, சாயங்காலம் தெருவில் இருந்தது. கூட நின்றவன் அவளுடைய தாய்மாமன். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பையன்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன். கொஞ்ச நேரமாவது அந்தப் பக்கத்து ஆளாக இருக்கலாமே என்கிற ஆசை.

அப்போது செய்முறைத் தேர்வுக்கு 50 மார்க். ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து இல்லாமல் செய்முறைக்கு உட்கார முடியாது. "வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிட்டு வா, அப்புறம் கையெழுத்து." அம்மா வேலை முடித்த கையோடு வந்தார். வராந்தாவுக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்தார்கள். "பொண்ண ஒழுங்கா வளத்து அனுப்பு" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்கள். அரையாண்டுக்குப் பிறகு அவள் வரவில்லை. வைகாசியில் கல்யாணம், அந்தத் தாய்மாமனோடே.

யாரும் அவளை அடிக்கவில்லை. சாதிப் பெயர் சொல்லித் திட்டவும் இல்லை. எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

பாமா 'கருக்கு' எழுதி (1992) முப்பது வருசத்துக்கு மேலாகிறது. செய்யாத திருட்டுக்குப் பள்ளியில் பட்ட அவமானத்தையும், அரிஜனப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள் என்றபோது கூசிப்போனதையும் அதில் எழுதினார். படித்துப் பாராட்டினோம், பாடத்திட்டங்களிலும் வைத்தோம். 2022-இல் தூத்துக்குடி மாவட்டம் குளத்தூரில் ஓர் ஆசிரியை மாணவனிடம் போனில் சாதி பேசியது ஒலிப்பதிவாக வெளியே வந்த பிறகுதான் பணி இடைநீக்கம். பதிவாகாத பேச்சுக்கு?

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியது கூடப் படித்தவர்கள். அவன் பள்ளியில் புகார் கொடுத்திருந்தான். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஊரெல்லாம் கயிறு, பொட்டு என்றுதான் சண்டை. சென்னை மாமன்றத்தில் பா.ஜ.க. உறுப்பினர் ஒருவர் அதன் நகலைக் கிழித்தே போட்டார். ஆனால் அந்த அறிக்கையில் பெரும்பகுதி ஆசிரியர்களைப் பற்றியும் நிர்வாகத்தைப் பற்றியும் பேசுகிறது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது. வகுப்பாசிரியர் நேராகவோ மறைமுகமாகவோ சாதியைக் குறித்துப் பிள்ளைகளைக் கூப்பிடக் கூடாது. உதவித்தொகை விஷயத்தைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். என் பெயர் 'அ'வில் தொடங்குகிறது. பிளஸ் டூ முடியும்வரை நான் கடைசி பெஞ்சு.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. 28-ஆம் பிரிவு ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அது 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு, எட்டாம் வகுப்பு வரைக்கும். ஒன்பதில் கால் வைத்ததும், அதாவது மார்க்கும் நடத்தைச் சான்றும் ஆசிரியர் கையில் ஆயுதமாகிற வயதில், நம் பிள்ளைகள் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். பிளஸ் டூ அறிவியல் பாடங்களில் இன்றும் 100-க்கு 30 மார்க், செய்முறையும் அகமதிப்பீடுமாக, பள்ளிக்குள்ளேயே தீர்மானிக்கப்படுகிறது. அந்த 30-க்குப் பயந்துதான் பெற்றோர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

எல்லா ஆசிரியர்களும் அப்படியா என்று கடிதம் வரும். இல்லை. எனக்கு ஃபீஸ் கட்டிய தமிழ் ஐயா ஒருவர் இருந்தார். ஆனால் அந்த அறையில் அந்தப் பேச்சு நடந்தபோது அவரும் இருந்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

போன வருசம் திருவொற்றியூரில் ரேஷன் கடை வரிசையில் அவளைப் பார்த்தேன். பேத்தி ஒன்பதாவது. இவள் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராம். நான் சிரித்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நீ சிரிச்சியா? எனுக்குத் தெரியாதே" என்றாள். கொஞ்சநேரம் பேசாமலிருந்துவிட்டு, முதல் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள்.

"ஸ்காலர்ஷிப்புக்குப் பேர் எய்தும்போது எஸ்.சி. புள்ளைங்கள கிளாஸ்ல எந்திரிக்கச் சொல்லாதீங்கன்னேன். சரிம்மா பாத்துக்கிறோம்னாங்க. பாத்துக்க வாணாம், நோட்டுல எய்துங்க, அப்பறம் கையெய்த்துப் போடுறேன்னு உக்காந்துட்டேன்."

எழுதினார்களாம்.