பிடி அரிசியும் எழுதப்படாத பெயர்களும்



ஆலய ஆண்டு விழா மலருக்காகச் சென்ற மாதம் பழைய அலமாரியைத் திறந்தோம். பாஸ்டரேட் கமிட்டியின் தீர்மானப் புத்தகங்கள் வரிசையாக இருந்தன. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் நோட்டு ஒன்றுகூட இல்லை. பழைய தாளென்று எவரோ எடைக்குப் போட்டுவிட்டார்களாம். இத்தனை ஆண்டுகள் அவற்றைக் கேட்டுப் பார்க்காத நானும் இக்குற்றத்தில் பங்காளியே.

வேலூர் வட்டாரத்தில் வாழும் நாம் ஐடா ஸ்கடர் அம்மையாரை நன்றியுடன் நினைக்கிறோம். 1902-இல் 40 படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அவரால் உண்டாயின. ஆனால் அப்பள்ளி வளரப் பணம் எங்கிருந்து வந்தது? 1920-களின் தொடக்கத்தில், வேலூர்ப் பள்ளியும் சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும் உட்பட ஆசியாவின் 7 பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்கப் பெண்கள் மிஷன் சங்கங்கள் நிதி திரட்டின. அவர்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் ராக்ஃபெல்லர் குடும்ப நிதியம் 10 லட்சம் தரும் என்பது ஏற்பாடு. லூசி பீபாடி அம்மையார் முன்நின்று நடத்த, அத்தொகை நிறைவேறிற்று. காசு கொடுத்த பெண்களில் மிகப் பலர் வேலூரைக் கண்டதில்லை. அவர்கள் பெயரை நாமும் அறியோம்.

நம் சங்கத்தின் கதையும் அதுவே. உலை வைக்குமுன் காணிக்கைக்கென ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்த பாட்டிமார், பிரசவ வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோன தாய்மார், துக்க வீட்டில் இரவெல்லாம் உடனிருந்து ஜெபித்தவர்கள் எத்தனை பேர்! இன்று ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் நாள் முழுதும் அப்பர் தைத்துவிட்டு, மாலையில் நோயுற்றோரைப் பார்க்கச் செல்லும் சகோதரிகளும் அவர்கள் வழிவந்தவர்களே.

ஊழியத்துக்குப் பெயர் எதற்கு, தேவன் அறிவாரே என்று சிலர் சொல்லக்கூடும். ஆண்களின் தீர்மானங்களைப் பத்திரப்படுத்துகையில் மட்டும் இந்த நியாயம் நமக்கு நினைவுக்கு வருவதில்லை. லூக்கா சுவிசேஷகரும் அப்படி எண்ணவில்லை. தங்கள் ஆஸ்தியால் ஆண்டவருக்கு ஊழியஞ்செய்த மகதலேனா மரியாள், யோவன்னாள், சூசன்னாள் ஆகியோரை அவர் பெயர் சொல்லியே எழுதிவைத்தார் (லூக்கா 8:1-3). தேவன் மறவார், மறப்பது நாம். ஆகவே பதிவு நமக்காகவே வேண்டும்.

வருகிற ஞாயிறு ஆலய வாசலில் ஒரு புதிய நோட்டு வைக்கப்படும். உங்கள் தாய், பாட்டி, மாமியார் ஆகியோரின் பெயரையும், சங்கத்தில் அவர்கள் செய்த ஊழியத்தையும் அதில் எழுதுங்கள். எழுத இயலாத மூத்த தாய்மார் சொல்ல, வாலிபர் எழுதட்டும். அவர்கள் நம்மோடிருக்கும் நாட்கள் கொஞ்சமே, தாமதியாதிருங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.