ஒரே கடிகாரத்தை நம்பலாமா?

நாட்டின் கணினிகள் அனைத்தும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும் என்று அரசு விரும்புவது நியாயமே. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான 'செர்ட்-இன்', தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சேவையகங்களையோ, அவற்றை அடியொற்றி இயங்குபவற்றையோ பின்பற்றுமாறு 2022 ஏப்ரல் 28-இல் உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் வெளியான வரைவு விதிகள், நிர்வாகம், வணிகம் அனைத்துக்கும் இந்திய திட்ட நேரத்தையே கட்டாயமாக்க முற்பட்டன.

ஆனால், அந்த நேர சேவையகமே முடங்கினால் என்ன செய்வது?

கணினிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம், வழிகாட்டுதலின்றி விடப்பட்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு விநாடி பிசகக்கூடும். சில மணி நேர முடக்கத்தைப் பெரும்பாலான அலுவலகங்கள் தாங்கும். முடக்கத்தைவிட ஆபத்தானது, தவறான நேரம். 2012 நவம்பர் 19-இல் அமெரிக்கக் கடற்படை வான் ஆய்வகத்தின் இரு நேர சேவையகங்கள், ஆண்டு 2000 என்று அறிவித்தன. அவற்றை மட்டுமே நம்பிய கணினிகள் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றன. பல வலையமைப்புகளில் பயனாளர்கள் உள்நுழையவே முடியவில்லை.

நமக்கும் அனுபவம் உண்டு. இஸ்ரோ 2013-இல் ஏவிய முதல் வழிகாட்டிச் செயற்கைக்கோளின் மூன்று அணுக் கடிகாரங்களும் சில ஆண்டுகளிலேயே பழுதாயின.

தீர்வு எளியது. ஒரே கடிகாரம் இருந்தால் அதன் பிழை தெரியாது. இரண்டு முரண்பட்டால் எது சரியென்று புரியாது. மூன்று இருந்தால் பெரும்பான்மை உண்மையைக் காட்டும். நான்கு இருந்தால், ஒன்று முடங்கினாலும் அந்தப் பாதுகாப்பு நீடிக்கும். வெளித்தொடர்பு அறுந்தாலும் பல நாள்கள் பிசகாத ருபிடியம் கடிகாரம் முக்கிய மையங்களில் இருப்பது கூடுதல் காப்பு.

பெரிய வங்கிகளும் பங்குச் சந்தைகளும் இந்தச் செலவை ஏற்கும். நைனார்பாளையம் போன்ற ஊர்களின் கூட்டுறவுச் சங்கமோ, இ-சேவை மையமோ ஏற்க இயலாது. மாலை ஐந்து மணியுடன் முடியும் விண்ணப்பம் ஐந்துக்கு முன் வந்ததா, பின் வந்ததா என்பதைக் கணினியின் கடிகாரமே தீர்மானிக்கிறது. அதன் பிழைக்கு விலை கொடுப்பவர் விண்ணப்பதாரர்.

துல்லியமான நேரம் ஒரு பொதுப் பண்டம். அதைச் சந்தை தானாகப் போதிய அளவில் வழங்காது. அகமதாபாத், பெங்களூரு, புவனேசுவரம், ஃபரீதாபாத், குவாஹாட்டி ஆகிய ஐந்து ஆய்வகங்கள் வழியே நேரத்தைப் பகிரும் மத்திய அரசின் திட்டம் சரியான திசையில் செல்கிறது. அது மாவட்டத் தலைநகரங்கள் வரை நீள வேண்டும். ஒரே நேரம் என்பது சட்டமாகலாம். ஒரே ஊற்று என்பது கொள்கையாகிவிடக் கூடாது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), நைனார்பாளையம்.