‘பழகிக்கோங்க’ என்பது பதில் அல்ல

செப்டம்பர் பிறந்தால் ஊட்டச்சத்து மாதம். எங்கள் திருவாண்டார்கோயில் பக்கத்து ஊர்களில் கர்ப்பிணிகளைக் கூட்டி உட்காரவைத்து மைக் பிடித்துப் பேசுவார்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, தடுப்பூசி என்று வரிசையாகச் சொல்வதெல்லாம் சரி. தூக்கத்துக்கு வரும்போது மட்டும் வருஷா வருஷம் ஒரே வசனம்: “ராத்திரி தூக்கம் வரலையா? கவலைப்படாதீங்க. புள்ள பொறந்தா எப்படியும் தூங்க முடியாது. இயற்கையே இப்பலேருந்து பழக்குது. பழகிக்கோங்க.” முன்வரிசைப் பெரியம்மாக்கள் சிரிப்பார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளியும் பெண் அதற்கு மேல் என்ன கேட்பாள்? வாயை மூடிக்கொள்வாள்.

வளைகாப்பு வீடுகளிலும் ஞாயிறு இணைப்புகளிலும் இதே வசனத்தைக் கேட்டும் படித்தும் பல வருஷமாக எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடைசியாகக் கேட்ட பேச்சில் அதற்கு ஐந்து காரணம் அடுக்கினார்கள். ஐந்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒன்று: “மாசமா இருக்கிற எல்லாருக்கும் வர்றதுதானே.” இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. பாதிப் பேருக்கு மேல் இருக்கிறதே, சகஜம்தான் என்று அரசாங்கம் மாத்திரையை நிறுத்திவிடவில்லை. நிறையப் பேருக்கு இருப்பது கூடுதலாகக் கவனிக்க வேண்டிய விஷயம்.

இரண்டு: “அந்தக் காலத்துல பத்துப் பெத்தவங்க தூக்கம் தூக்கம்னு புலம்பினாங்களா?” 1997–98-ல் இந்தியாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 398 தாய்மார்கள் இறந்தார்கள். 2018–20-ல் அது 97. அந்தக் காலத்தை முன்மாதிரியாகக் காட்டுகிறவர்கள் முதலில் இந்த இரண்டு எண்களைப் பார்க்கட்டும்.

மூன்று: “இயற்கை பயிற்சி கொடுக்குது.” ராத்திரியில் எழுப்புவது இயற்கையின் பாடத்திட்டம் அல்ல. கருப்பை அழுத்துவதால் மூத்திரம் முட்டுகிறது. இரைப்பையின் வாய் தளர்ந்து புளிப்பு மேலேறி நெஞ்சு கரிக்கிறது. கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. மூக்கடைத்துக் குறட்டை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் உண்டு, பெரும்பாலானவற்றுக்குத் தனிப் பரிகாரமும் உண்டு. குறட்டையைக்கூடச் சும்மா விடக் கூடாது. 2012-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1,700-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள். கர்ப்பத்தில் புதிதாகக் குறட்டை தொடங்கியவர்களிடம் ரத்தக்கொதிப்பு அதிகமாக இருந்தது.

பயிற்சி எடுத்தவர்களின் கதி என்ன? சான்பிரான்சிஸ்கோவில் கேத்ரின் லீ குழுவினர் ஒன்பதாம் மாதப் பெண்கள் 131 பேரைக் கவனித்து 2004-ல் எழுதினார்கள். ராத்திரி ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குப் பிரசவ வலி நீண்டது; சிசேரியன் ஆகும் வாய்ப்பு நாலரை மடங்கு. 2017-ல் கலிபோர்னியாவின் பிரசவப் பதிவேடுகளை அலசியவர்கள், தூக்கமின்மை என்று மருத்துவர் குறித்திருந்த பெண்களுக்கு 34 வாரத்துக்கு முன்பே பிரசவமாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டார்கள். பிரசவ வலியைத் தாங்க வேண்டிய உடம்பை மூன்று மாதம் விழிக்கவைத்து அனுப்புவதற்குப் பெயர் பயிற்சியா?

நான்கு: “இடது பக்கமே படுக்கணும். பொரளணும்னா எழுந்து உக்காந்து திரும்பணும், இல்லன்னா கொடி சுத்திக்கும்.” பிறக்கும் குழந்தைகளில் ஐந்தில் ஒன்று முதல் நாலில் ஒன்று வரை கழுத்தில் கொடி சுற்றித்தான் பிறக்கின்றன. பெரும்பாலும் கெடுதல் ஏதும் இல்லை. சுற்றுவது குழந்தை உள்ளே நீந்துவதால்; தாய் புரண்டதால் அல்ல. இதை நம்பி ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்து, திரும்பிப் படுப்பதற்குள் வந்த தூக்கமும் கலைந்துவிடுகிறது. தூங்கவிடாத யோசனையைச் சொல்லிவிட்டு, தூக்கம் வராதது இயற்கை என்றும் சொல்கிறார்கள். 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கப் போக வேண்டாம் என்பது உண்மை. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019-ஆம் வருஷத்துக் கணக்கு அதை உறுதி செய்தது. வலது பக்கமும் இடது பக்கத்துக்குச் சமம் என்று காட்டியதும் அதே கணக்குதான். நடுராத்திரியில் மல்லாந்து கிடப்பது தெரிந்தால் பதற வேண்டாம், ஒருக்களித்துப் படுத்தால் போதும்.

ஐந்தாவதுதான் என்னை எழுதவைத்தது: “கால் குடையுதா? புள்ள பாரம். எண்ணெய் தடவிட்டுப் படு.”

எங்கள் உறவில் ஏழாம் மாதத்தில் இருந்த பெண் ஒருத்தி. பகலெல்லாம் ஒன்றும் தெரியாது. சாப்பிட்டுப் பாயில் சாய்ந்ததும் முழங்காலுக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோலத் தொடங்கும். எழுந்து நாலடி நடந்தால் அடங்கும், படுத்தால் மறுபடி. காலைச் சுவரில் தேய்ப்பாள், பழைய துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். விழுப்புரம் சாலையில் லாரிகள் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடையில் உலாத்துவாள். மாமியார் நல்லவர்தான், விளக்கெண்ணெய் காய்ச்சித் தடவிவிட்டு, “புள்ள பாரம்டி, பொறந்தா சரியாப் போயிடும்” என்றார். பாரம் என்றால் நிற்கும்போதல்லவா வலிக்க வேண்டும்? படுத்தால் வந்து நடந்தால் போகும் குடைச்சல் பாரம் அல்ல. ‘அமைதியற்ற கால்கள்’ என்று மருத்துவத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது. கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, முக்கியமாகக் கடைசி மூன்று மாதத்தில், இது வருகிறது.

இதற்கும் உடம்பில் இரும்புச்சத்து குறைவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மூளை டோபமின் என்ற ரசாயனத்தைச் செய்வதற்கு இரும்பு வேண்டும். வயிற்றில் வளரும் குழந்தை தனக்கு வேண்டியதைத் தாயிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. ஹீமோகுளோபின் 11-க்கு மேல் இருந்தால் ‘ரத்தம் நல்லாருக்கு’ என்று அனுப்பிவிடுவார்கள். ஆனால் இரும்பின் சேமிப்பைக் காட்டுவது பெர்ரிட்டின் பரிசோதனை. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே பெர்ரிட்டின் தரைதட்டியிருக்கலாம். கால் குடைச்சல் உள்ள கர்ப்பிணிக்கு அது 75-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து கொடுக்கலாம் என்று இத்துறை நிபுணர்கள் 2015-ல் வழிகாட்டினார்கள். எண்ணெய் தடவச் சொன்னவர்கள் இந்தப் பரிசோதனையின் பெயரையாவது சொல்லியிருக்கலாம்.

மாத்திரை கொடுக்காமல் இல்லை. ரத்தசோகை இல்லாத இந்தியா திட்டத்தில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரையை நாலாம் மாதம் முதல் 180 நாள் சாப்பிடச் சொல்கிறார்கள். எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று யாராவது வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். அந்தப் பெண் காலை டீயோடு அதை விழுங்கினாள். டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. கையோடு கால்சியம் மாத்திரையும் போட்டுக்கொண்டாள், அதுவும் தடுக்கும். வயிற்றைப் புரட்டுகிறது என்று வாரத்துக்கு மூன்று நாள் விட்டுவிட்டாள். எலுமிச்சைச் சாறோடு இரும்பு மாத்திரை, டீயும் கால்சியமும் இரண்டு மணி நேரம் தள்ளி என்று மைக்கில் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது. சளிக்கும் வாந்திக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகள் குடைச்சலைக் கூட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அவளுக்குப் பெர்ரிட்டின் பார்த்தது ஒன்பதாம் மாதம் தொடங்கிய பிறகு. மருத்துவர் இரும்புச்சத்தைக் கூட்டினார், மாத்திரை சாப்பிடும் முறையை மாற்றினார், குடைச்சல் குறைந்தது. ஏழாம் மாதத்திலேயே கேட்டிருந்தால் அத்தனை ராத்திரிகளும் அவளுக்கு மிச்சம்.

இன்னும் மோசமானது ஒன்று உண்டு. கடைசி மாதங்களில் ராத்திரியில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து, தோலில் தடிப்பே இல்லாமல் தூக்கம் கெட்டால், ஈரலில் பித்தநீர் தேங்குவதாக இருக்கலாம். பித்த அமிலம் மிக அதிகமானால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து உண்டு. அப்படி அரித்து விழிப்பவளிடமும் ‘பழகிக்கோங்க’ என்றுதான் சொல்லப் போகிறோமா?

மனசால் கெடும் தூக்கமும் உண்டு. பிரசவ காலத்து மனச்சோர்வைக் கண்டறிய 1987-ல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விகளில் ஒன்று, மகிழ்ச்சியின்மையால் தூக்கம் கெடுகிறதா என்பது. அதைக் கேட்க ஆள் இல்லாதபோது 14416-க்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை. மருந்தில்லாத வழியும் இருக்கிறது: தூக்கம் கண்ணைச் சொருகினால் மட்டும் படுப்பது, வராவிட்டால் எழுந்துவிடுவது, காலையில் ஒரே நேரத்தில் விழிப்பது, போனைத் தள்ளி வைப்பது. இந்த முறையைக் கர்ப்பிணிகள் 208 பேரிடம் சோதித்து, பலன் தருகிறது என்று 2020-ல் வெளியிட்டார்கள். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை மட்டும் வாங்கக் கூடாது.

ஆகவே மாதாமாதம் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் நடக்கும் கர்ப்பிணிப் பரிசோதனைக்குப் போகிறவர்கள், எடையும் பிரஷரும் பார்த்து முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். “எனக்குத் தூக்கம் இல்லை, இன்ன காரணத்தால் விழிக்கிறேன்” என்று வாய்திறந்து சொல்லுங்கள்.

கூட்டத்தில் பேசுகிறவர்கள் இனி வீட்டாரைப் பார்த்துப் பேசட்டும். விடியற்காலை மூன்று மணிக்குக் கண்ணயர்ந்தவளை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று எழுப்புவது இயற்கை அல்ல, வீட்டின் ஏற்பாடு. குடத்தைப் புருஷன் எடுக்கலாம். திருபுவனைக் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு, முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். சட்டம் அவளுக்கு எழுதிக் கொடுத்த ஓய்வு அது. காண்டிராக்டில் இருப்பவளுக்கும் அந்த உரிமை உண்டு என்பதை அதே மைக்கில், அதே சத்தத்தில் சொல்லுங்கள்.