கொல்லிமலைக்கு கார் ஓட்டி வருகிறவர்களுக்கு ஒரு வாத்தியாரின் வேண்டுகோள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன ஆடிப் பதினெட்டுக்கு மகளும் மாப்பிள்ளையும் புதுக் கார் எடுத்துக்கொண்டு மலைக்கு வந்திருந்தார்கள். வல்வில் ஓரி விழா பார்த்தோம், அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டோம். மறுநாள் சாயங்காலம் என்னையும் ஏற்றிக்கொண்டு நாமக்கல் கிளம்பினார்கள். காரின் நான்கு கதவுக் கண்ணாடியிலும் கறுப்பு சன் ஃபிலிம் ஒட்டியிருந்தது. உட்காரும்போதே கவனித்தேன். புதுக் கார், புது மாப்பிள்ளை, எதற்குச் சொல்வானேன் என்று வாயை மூடிக்கொண்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவில்லை. தப்பு என்னுடையது.

சோளக்காடு தாண்டி இறங்க ஆரம்பித்து இரண்டு மூன்று வளைவுதான் போயிருப்போம். லேசான மூடுபனி. வண்டியை வலது பக்கம் ஒடிக்கும்போது மாப்பிள்ளை திடீரென்று பிரேக் அடித்தார். புல்லுக்கட்டோடு ஒரு அம்மா தடுப்புச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார். இடைவெளி ஒரு முழம் இருக்கும்.

மன்னிப்புக் கேட்க மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கினார். அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது! இருட்டாக இருந்தது காருக்குள்தான்.

அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு சொன்னது: "நீங்களா வாத்தியாரே? கண்ணாடி கறுப்பா இருந்துச்சு. உள்ள இருக்கிறவங்க என்னைப் பாத்தாங்களா, நிக்கிறாங்களா, வர்றாங்களான்னு ஒண்ணும் புரியல."

இந்த இரண்டு விஷயம்தான் இந்தப் பதிவு. உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியவில்லை. வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியவில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி இதற்கானது. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் வெளிச்சத்தில் குறைந்தது 70 சதவீதத்தை உள்ளே விடவேண்டும். பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதம். கொல்கத்தாவைச் சேர்ந்த அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில், தலைமை நீதிபதி கபாடியா அமர்வு 2012 ஏப்ரல் 27 அன்று தீர்ப்புச் சொன்னது. எத்தனை சதவீத ஃபிலிமாக இருந்தாலும் கண்ணாடிமேல் ஒட்டவே கூடாது என்றது. மே 4 முதல் அமல். இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. காரணம், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும் கடத்தலும் வன்கொடுமையும். அதே வருஷம் டிசம்பரில் டெல்லியில் அந்தப் பெண்ணுக்கு நடந்த கொடுமை, கறுப்புக் கண்ணாடியும் திரையும் போட்ட பஸ்ஸில்தான் நடந்தது.

பிறகு விதி திருத்தப்பட்டு 2021 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், அளவுக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டினால் அபராதம் போடக்கூடாது என்றது. உடனே வாட்ஸ்அப்பில் "இனிமேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாம்" என்று சுற்றவிட்டார்கள். தீர்ப்பில் இருப்பது அது இல்லை. 70, 50 என்ற எண்கள் அப்படியேதான் இருக்கின்றன.

இங்கே கரும்பலகைக்கு வருவோம். உங்கள் கார் கம்பெனியிலிருந்து வரும்போதே பக்கக் கண்ணாடி 75 சதவீத வெளிச்சத்தை விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் "இது 50 சதவீத ஃபிலிம், சட்டப்படி சரி" என்று ஒட்டிவிடுகிறார். சரியா? இல்லை. 75-இல் பாதி 37.5. சட்டத்தின் 50-க்குக் கீழே போயாயிற்று. அந்தக் கண்ணாடியில் ஒட்டவேண்டுமென்றால் ஃபிலிம் மட்டும் 67 சதவீதம் விடவேண்டும். அது கண்ணுக்குக் கறுப்பாகவே தெரியாது. ஆசைப்பட்டு 20 சதவீத ஃபிலிம் ஒட்டினால் மிச்சம் 15. எட்டாம் வகுப்புக் கணக்குதான். கடையில் நின்று யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

சமவெளியில் இதன் பலன் அவ்வளவாகத் தெரியாது. நேர் ரோட்டில் முன்கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம். காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் திரும்பும்போது முன்கண்ணாடியில் பாறையோ பள்ளமோதான் தெரியும். நீங்கள் போகப்போகும் ரோடு பக்கக் கண்ணாடியில் இருக்கிறது. மலையில் பக்கக் கண்ணாடிதான் முன்கண்ணாடி! வெளியே இருக்கும் சைடு மிரரையும் அந்தக் கண்ணாடி வழியாகத்தானே பார்க்கிறீர்கள்? மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல். ஆளை அரை நொடி தாமதமாகப் பார்த்தால் வண்டி 4 மீட்டர் போயிருக்கும். அன்றைக்கு எங்களுக்கு இருந்தது ஒரு முழம்.

இரண்டாவது விஷயம், முகம். இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அது எப்படி நடக்கிறது? ஒரு கையசைவு, ஒரு தலையசைப்பு. "நீ வா, நான் நிக்கிறேன்." பஸ் டிரைவர்கள் அப்படித்தான் எழுபது வளைவையும் கடக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு ஓரமாக நடக்கும் பிள்ளைகளும், சந்தைக்கு மூட்டை சுமக்கும் எங்கள் மலைவாசிகளும், டிரைவரின் முகத்தைப் பார்த்துத்தான் நிற்பதா கடப்பதா என்று முடிவு செய்கிறார்கள். முகத்தை மறைத்துவிட்டால் அவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்வார்கள்?

வெயில் தாங்கவில்லை, கைக்குழந்தை இருக்கிறது, பெண்கள் இருக்கிறார்கள் என்பீர்கள். நியாயம்தான். நாமக்கல் சித்திரை வெயில் எனக்கும் தெரியும். சூரிய வெப்பத்தில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் வருகிறது. அதைத் தடுக்கக் கண்ணாடி கறுப்பாக இருக்கவேண்டியதில்லை. வெளிச்சத்தை விட்டு வெப்பத்தை மட்டும் தடுக்கும் ஃபிலிம்கள் இருக்கின்றன. விலை கூடுதல். பெண்களின் பாதுகாப்பு என்றால், வெளியே இருந்து பார்க்க முடியாத கார் அவர்களுக்குப் பாதுகாப்பா ஆபத்தா என்று டெல்லி சம்பவத்தை நினைத்து நீங்களே முடிவு செய்யுங்கள். தவிர, கொல்லிமலைக்கு வருவதே குளிருக்கு. இங்கே வந்தும் வெயிலுக்குப் பயந்தால் எப்படி?

கட்சிக் கொடி கட்டிய கார்களில் இருக்கிறதே, அவர்களை யார் பிடிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொதுப் பிரிவில் முதல் முறை அபராதம் 500 ரூபாய், மறுமுறை 1,500. பல ஆயிரம் கொடுத்து ஃபிலிம் ஒட்டியவருக்கு அது டீச்செலவு. கண்ணால் பார்த்து அபராதம் போட்டால் வாக்குவாதம் வரும், கொடி கட்டிய கார் தப்பும். கண்ணாடியின் அளவைக் காட்டும் மீட்டர் கையடக்கமாகக் கிடைக்கிறது. விழா நாட்களிலாவது காரவள்ளி அடிவாரத்திலும் முள்ளுக்குறிச்சிப் பாதையிலும் ஒவ்வொரு மீட்டர் வையுங்கள். எண் யாருக்கும் பயப்படாது.

மலைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். ஃபிலிமை இன்றைக்கே உரிக்க முடியாவிட்டால், முதல் வளைவுப் பலகையைப் பார்த்ததும் முன்பக்க இரண்டு கண்ணாடியையும் இறக்கிவிடுங்கள். ஏசியை நிறுத்துங்கள். மலைக்காற்றும் கிடைக்கும், எங்கள் ஜனங்களுக்கு உங்கள் முகமும் தெரியும்.

மாப்பிள்ளை ஊருக்குப் போனதும் போன் செய்தார். "மாமா, முன்னாடி ரெண்டு கதவுலயும் எடுத்துட்டேன்" என்றார். பின்கதவுகளில் இன்னும் இருக்கிறதாம். விதி அதற்கும் 50 தான். பொங்கலுக்கு வரும்போது பேசிக்கொள்கிறேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டு ஏறமாட்டேன்.